மருத்துவர் பதில்: விரலில் இறுகிய மோதிரம்

கேள்வி: பெர்த்தில் வசிக்கிறோம். என் கணவருக்கு 51 வயது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். மாமியார் மதுரையிலிருந்து வாங்கி அனுப்புவார். சர்க்கரை இல்லை. செப்டம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் கிம்பர்லி பகுதியில் கிப் ரிவர் ரோடு முழுவதையும் மவுண்டன் பைக்கில் கடக்கும் குழுவோடு போகிறார். சாப்பாடு, கூடாரம், தண்ணீர் எல்லாம் கூடவே வண்டியில் வருமாம். எனக்குத்தான் தூக்கமில்லை. பாம்பு, முதலை, சிலந்தி, மலேரியா, மண்ணில் இருக்கும் ஏதோ கிருமி என்று இன்டர்நெட்டில் படிக்கப் படிக்க பயம். நெடுந்தூரம் ஓட்டினால் அவருக்குச் சுண்டுவிரல் மரத்துப் போகிறது. போன பிப்ரவரியில் கலமுண்டா மலைப் பாதையில் ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தவர், தலைவலி என்று இரண்டு தடவை வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரம் சம்பந்தமில்லாமல் பேசினார். விரல் வீங்கி மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. தண்ணீர் குடிப்பதில் குறையே வைக்க மாட்டார். அன்று முதுகுப் பையில் இருந்த மூன்று லிட்டரைத் தீர்த்து, திரும்ப நிரப்பி அதையும் குடித்தாராம். முட்டி வலிக்கு இப்யூப்ரோஃபென் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். நானும் வீட்டில் நிறையத் தண்ணீர் கொடுத்தேன். தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்கிறார். என்னென்ன மருந்து கொடுத்து அனுப்பலாம்?
— ஒரு வாசகி, பெர்த்

பதில்: மருந்துப் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பாம்பையும் முதலையையும் முன்னால் எழுதிவிட்டு, உங்களைத் தூங்கவிடாத விஷயத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த பிப்ரவரி மதியம் உங்கள் கணவர் சம்பந்தமில்லாமல் பேசினாரே, அதுதான் இந்தக் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட ஒரே வரி. அது களைப்பு இல்லை. களைத்தவர் பேசாமல் படுத்துக்கொள்வார், உளற மாட்டார்.

வெயிலில் மணிக்கணக்காக உடலை வருத்திய ஒருவர் குழம்பிப் பேசினால் டாக்டர் மனதில் முதலில் வருவது இரண்டு. ஒன்று வெப்பத் தாக்கு: உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறுவது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடுவது. ஒரு கடிதத்தை வைத்து அன்று நடந்தது எது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆறு லிட்டர் தண்ணீர், வீங்கிய விரல், கழற்ற முடியாத மோதிரம், தலைவலி, வாந்தி என்று நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் இரண்டாவதைத்தான் காட்டுகிறது. நீர் வற்றியவருக்கு மோதிரம் இறுகுவதில்லை, தளரும்.

ரசத்தில் உப்பு அளவாக இருக்கிறது. அதில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135-இலிருந்து 145 மில்லிமோலுக்குள் (ரத்தப் பரிசோதனையில் வரும் அளவு) இருக்க வேண்டும். அது வேகமாக இறங்கும்போது தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவை உப்புகின்றன. விரல் உப்பினால் மோதிரம் இறுகும், அவ்வளவுதான். மூளை உப்பினால் மண்டையோட்டுக்குள் அதற்கு இடமில்லை. தலைவலி, வாந்தி, உளறல், அதற்கப்புறம் வலிப்பு, நினைவிழப்பு. தண்ணீர் அதிகமானால் சிறுநீரில் போய்விடாதா என்று கேட்பீர்கள். சாதாரண நாளில் போய்விடும். ஆனால் கடுமையாக உழைக்கும்போதும், வலி, குமட்டல் இருக்கும்போதும், தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. குடித்தது உள்ளேயே தங்கிவிடும்.

இது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட ஆரம்பித்தபோது இருந்ததைவிட முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம்தான் இது அதிகம். மூன்று, நான்கு மணி நேரம் ஓடிய பிறகு எடை கூடியிருக்கிறது என்றால் எவ்வளவு குடித்திருப்பார்கள், பாருங்கள்.

உங்கள் கணவர் விஷயத்தில் இதற்கு இன்னும் இரண்டு கூட்டாளிகள் இருக்கிறார்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு (சுருக்கமாகத் தயசைடு) நல்ல மருந்துதான், ஆனால் சோடியத்தை இறக்குவதில் பேர்போனது. இப்யூப்ரோஃபென் அந்தத் தண்ணீர் தேக்கும் ஹார்மோனுக்குத் துணை போகும். அது மட்டுமா? டெல்மிசார்டான், தயசைடு, இப்யூப்ரோஃபென் மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்து, வெயிலில் நீரும் குறைந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். இந்த மூன்றைச் சேர்க்காதே என்று ஆஸ்திரேலியாவில் டாக்டர்களுக்கும் பார்மசிஸ்ட்களுக்கும் சொல்லிச் சொல்லியே பழக்கியிருக்கிறார்கள். மாமியார் வாங்கி அனுப்பும் மாத்திரையும் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் வலி மாத்திரையும் எந்த டாக்டர் கண்ணிலும் படாமல் நேராக வயிற்றில்தான் சந்திக்கின்றன. முட்டி வலிக்கும் முன்பே முட்டி வலிக்கு மாத்திரை போடுவது என்ன வைத்தியம் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

நீங்கள் தண்ணீர் கொடுத்ததற்காக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். எந்த வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் தூங்கவிட்டதும் ஆபத்துதான். குழம்பிப் பேசியவரைத் தூங்கவிட்டு, எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. இனி அப்படி நடந்தால் உடனே ஆம்புலன்ஸ்.

சரி, செப்டம்பருக்கு வருவோம். கிப் ரிவர் ரோடு டெர்பி ஊரிலிருந்து கனனுர்ரா ஊர்ப் பக்கம் வரை சுமார் 660 கிலோமீட்டர். மாடுகளை ஏற்றிச் செல்லப் போட்ட சாலை. பெரும்பகுதி இன்னும் சரளையும் செம்மண்ணும்தான், துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக இருக்கும். செப்டம்பர் பிற்பகலில் வெயில் சுலபமாக 35 டிகிரியைத் தாண்டும். காற்று வறண்டது, அதனால் வியர்வை சட்டையில் தெரியாது; உப்புதான் வெள்ளையாகப் படிந்திருக்கும். 'வேர்க்கவே இல்லையே, வெயில் ஒன்றும் செய்யவில்லை' என்று ஏமாறுவது இங்கேதான். ஆக அந்த ஊரில் இரண்டு ஆபத்தும் உண்டு: தண்ணீர் போதாமல் வெயில் ஏறுவதும், பயந்து பயந்து குடித்து சோடியம் இறங்குவதும். தாகம் எடுக்கும்போது குடி, எடுக்காதபோது கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்காதே என்பதுதான் ஆரோக்கியமான ஒருவருக்கு இன்று நாங்கள் சொல்வது. மணிக்கு ஒரு லிட்டர் என்று யூடியூபில் யாரோ சொல்வதைக் கேட்டு ஊற்றிக்கொள்ள வேண்டாம்.

ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடித்தால் சரியாகிவிடும் என்பதும் பொய் நம்பிக்கை. அதில் லிட்டருக்குச் சோடியம் 20 மில்லிமோல் அளவுதான், ரத்தத்தில் 140. அதை அளவுக்கு மீறிக் குடித்தாலும் இதே கதைதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் கம்மி. உப்பு மாத்திரையும் அதிகமாகக் குடிப்பவரைக் காப்பாற்றாது. கிளம்பும் முன் ஒரு சுலபமான சோதனை: வீட்டில் நீண்ட பயிற்சிக்குப் போகும் நாளில் போவதற்கு முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் சரி. கூடியிருந்தால் அவர் குடிப்பது அதிகம்.

இப்போது முக்கியமான விஷயம். குழம்பியவருக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. அதனால் இந்த அறிகுறியைக் கவனிக்கும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுக்க முடியாது. பக்கத்தில் ஓட்டுபவரிடம் கொடுங்கள். 'நல்லா இருக்கீங்களா?' என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. பாதி மயக்கத்தில் இருப்பவரும் 'சூப்பரா இருக்கேன்' என்பார். 'காலையில் எந்த ஆற்றைத் தாண்டினோம்? அடுத்து எங்கே நிற்கப் போகிறோம்?' என்று கேட்க வேண்டும். பதில் தடுமாறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், சைக்கிள் நேராகப் போகாமல் வளைந்தால், அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். பின்னால் வரும் வண்டி சமையல் பாத்திரம் சுமக்க மட்டுமல்ல. அதில் ஏறுவதை மானக்கேடாக நினைக்கும் ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்கள் பேசாமல் ஏறிக்கொள்கிறார்கள்.

நிறுத்திய பிறகு என்ன? உடம்பு கொதித்தால் வெப்பத் தாக்கு என்றே வைத்துக்கொண்டு அங்கேயே குளிர்விக்க வேண்டும், வண்டியில் ஏற்றி ஓட்டிக்கொண்டு போக அவசரப்படக் கூடாது. நிழல், சட்டையைக் கழற்றுவது, உடம்பு முழுக்கத் தண்ணீர், விசிறி, ஐஸ் பெட்டியில் இருக்கிற ஐஸ் எல்லாம். நெற்றியில் வைக்கும் தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம். வியர்த்திருக்கிறது, அதனால் வெப்பத் தாக்கு இல்லை என்பதும் தவறு; உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் உடம்பு வியர்வையில் நனைந்தே இருக்கலாம். பாரசிட்டமால் இதற்கு உதவாது.

உடம்பு கொதிக்கவில்லை, நிறையக் குடித்திருக்கிறார், விரல் வீங்கியிருக்கிறது என்றால் வெறும் தண்ணீர் ஒரு வாய் கூடக் கூடாது. நன்றாக விழுங்க முடிகிறவருக்கு, சூப்புக்குப் போடும் ஸ்டாக் கியூப் (உப்பு நிறைந்த சூப்புக் கட்டி) நான்கை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். சகிக்க முடியாத உப்பாகத்தான் இருக்கும், அதுதான் தேவை. குழுவில் யாராவது ஆர்வக்கோளாறில் குளுக்கோஸ் ஏற்றுகிறேன் என்று கிளம்பினால் தடுங்கள்.

இரண்டிலும், கூடவே ஒருவர் சாட்டிலைட் போனில் ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸைக் கூப்பிட வேண்டும். அந்தச் சாலையில் பெரும்பாலும் மொபைல் எடுக்காது. 1928-இல் குயின்ஸ்லாந்தின் கிளான்கரியில் ஒரே ஒரு வாடகை விமானத்தோடு தொடங்கிய சேவை இது. ஒதுக்குப்புறமான மாட்டுப் பண்ணைகளில் அவர்கள் மருந்துப் பெட்டியே வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். போனில் டாக்டர் எண்ணைச் சொல்வார், பண்ணைக்காரர் எடுத்துக் கொடுப்பார். மருந்தின் பெயரை வாயில் நுழையாமல் திணற வேண்டியதில்லை. நம் ஊர் மலைக் கிராமங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

மற்ற பயங்களைச் சீக்கிரம் முடிக்கிறேன்.

பாம்புக் கடியால் ஆஸ்திரேலியா முழுவதிலும் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு பேர்தான் இறக்கிறார்கள். அங்கே விரியன் குடும்பமே கிடையாது. விஷப் பாம்புகள் நம் நல்ல பாம்பு, கட்டுவிரியன் (பெயரில் மட்டும்தான் விரியன்) குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால் முதலுதவி வேறு: கடிபட்ட கை அல்லது கால் முழுக்க அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை இறுக்கமாகச் சுற்றி, மட்டை வைத்துக் கட்டி, அசையாமல் படுக்க வைப்பது. கடித்த இடத்தைக் கழுவக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது. கண்ணாடி விரியன் இருக்கும் நம் ஊரில் இந்தப் பேண்டேஜை அப்படியே செய்யப் போகாதீர்கள். அவர் பையில் அந்த பேண்டேஜ் இரண்டு இருந்தால் போதும்.

முதலை? பென்டகோஸ்ட் ஆற்றில் உவர்நீர் முதலைகள் உண்டு. அந்த ஆற்றை வண்டியில் உட்கார்ந்து கடக்கட்டும், வழிகாட்டி சொல்லாத தண்ணீரில் கால் நனைக்க வேண்டாம். மலேரியா ஆஸ்திரேலியாவில் 1981-லேயே ஒழிந்துவிட்டது. மாத்திரை வேண்டாம், கொசு விரட்டி போதும். சிலந்தி: ஷூவை உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள். மண் கிருமி என்று நீங்கள் படித்தது மெலியாய்டோசிஸ். தமிழ்நாட்டு மண்ணிலும் இருக்கிறது. மழைக்காலத்தில், முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளைப் பிடிப்பது. இவர் போவது வறண்ட காலம், சர்க்கரையும் இல்லை. காயத்தை மூடி வைத்தால் போதும். சுண்டுவிரல் மரத்துப் போவது ஹேண்டில்பார் உள்ளங்கையில் ஒரு நரம்பை அழுத்துவதால். பஞ்சு வைத்த கையுறை போட்டு, பிடியை அடிக்கடி மாற்றினால் சரியாகும். ஓட்டாத நாளிலும் விரலில் பலம் குறைந்தால் காட்டுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேச வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள்.

போகலாமா வேண்டாமா என்றால், இப்போதைக்கு என் பதில்: முதலில் ஜி.பி.யை, அதாவது குடும்ப டாக்டரை, பார்த்துவிட்டு. சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ஒரு இ.சி.ஜி. பார்த்து, அந்தத் தயசைடு மாத்திரைக்குப் பதில் வேறு கொடுக்கலாமா என்று அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்றுவதானால் பயணத்துக்குச் சில வாரம் முன்பே மாற்றி, ரத்த அழுத்தம் நிலைப்பதைப் பார்க்க வேண்டும். இப்யூப்ரோஃபென் வீட்டிலேயே இருக்கட்டும், வலிக்குப் பாரசிட்டமால் போதும். பயணக் குழு உடல்நலப் படிவம் ஒன்று கொடுக்கும். அதில் பிப்ரவரி சம்பவத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு அவர்கள் கூடுதலாக நாலு கேள்வி கேட்டால் நல்ல குழு என்று அர்த்தம்.

ஜி.பி.யிடம் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மாத்திரை அட்டை, இப்யூப்ரோஃபென் பெட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். அந்த மதியம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவருக்குப் பாதி நினைவிருக்காது, மீதியைச் சொல்ல மாட்டார்.