கிளப் தலைவர் கைதாயிட்டார், உடனே பதவில இருந்து தூக்கிடலாமா?

கேள்வி: சார், தண்டையார்பேட்டைல எங்க ஃபுட்பால் கிளப் தலைவர், முன்னாள் கவுன்சிலர், தீபாவளி சீட்டு மோசடி கேஸ்ல அரெஸ்ட். உடனே நீக்கணும், அவருக்கு எந்த வக்கீலும் போகக்கூடாதுன்னு ஏரியால பேசுறாங்க. வாட்ஸ்அப் குரூப்ல அவர் குடும்ப போட்டோ வரைக்கும் சுத்துது. நாங்க என்ன பண்றது?

பதில்: தம்பி, பொறுப்புல இருந்து நிறுத்துறது வேற, குற்றவாளின்னு முடிவு கட்டுறது வேற. முதல் விஷயம் உங்க கைல இருக்கு, அடுத்தது கோர்ட் வேலை. எஃப்ஐஆர் போட்டா விசாரணை ஆரம்பிச்சிருக்கு அவ்ளோதான், இனிமே சார்ஜ்ஷீட், சாட்சி, குறுக்கு விசாரணைன்னு எவ்ளோவோ இருக்கு.

கிளப் பைலாவை, அதாவது விதிமுறையை, எடுத்துப் பாருங்க, கமிட்டியை கூட்டி, அவருக்கு நோட்டீஸ் குடுத்து, பதில் சொல்ல டைம் குடுங்க, உள்ள இருந்தா வக்கீல் மூலமா எழுதி அனுப்பட்டும். பைலா இடம் குடுத்தா அதுவரைக்கும் தற்காலிகமா நிறுத்தி வைக்கலாம். செக்ல கையெழுத்து போடுற அதிகாரத்தை மட்டும் தீர்மானம் போட்டு பேங்க்ல குடுத்து உடனே மாத்திடுங்க, பண கேஸ்ங்கிறதால இதுல தயக்கமே வேணாம்.

வக்கீல் போகக்கூடாதுன்னு வக்கீல் சங்கமே தீர்மானம் போட்டாலும் செல்லாதுன்னு 2010ல தமிழ்நாட்டு கேஸ் ஒண்ணுலதான் சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு.

நம்ம ஊர்லயே 1944ல வேப்பேரில பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனை குத்திக் கொன்னாங்களே, அந்தக் கேஸ்ல அப்போ பெரிய சினிமா நட்சத்திரங்களா இருந்த தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை, ஹைகோர்ட்டும் அதையே உறுதி பண்ணி, அப்போ மேல்முறையீட்டுக்கு கடைசி இடமா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், திரும்ப இங்க விசாரிச்சு 1947ல தான் விடுதலை ஆனாங்க. பாகவதர் ஜெயில்ல இருந்தப்பவும் பிராட்வே தியேட்டர்ல அவர் படம் ஓடிட்டே இருந்துச்சு, ஆனா வெளிய வந்து நடிச்ச படங்க ஓடல, பழைய இடம் கடைசி வரைக்கும் கிடைக்கல. ஜூரி வச்சு, சாட்சி கேட்டு சொன்ன தீர்ப்பே மாறிப்போச்சு, ஒரு ராத்திரில குரூப்ல சொல்ற தீர்ப்பை எப்படிப்பா நம்புறது?

அதுக்காக பணம் கட்டின பொம்பளைங்களை வாயை மூடச் சொல்லாதீங்க, அவங்க வயித்தெரிச்சல் நியாயமானது. மாசாமாசம் கையெழுத்து வாங்கின சீட்டு அட்டை, ஜிபே ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து போலீஸ்ல குடுத்து சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வாங்கிக்கிட்டதுக்கான ரசீது, வாங்கச் சொல்லுங்க, ஒரிஜினல் அவங்ககிட்டயே இருக்கட்டும். கேஸ் நிக்கிறது அதுலதான், குரூப்ல திட்டுறதால பத்து பைசா திரும்பாது.

ஃபார்வர்ட் பண்றவங்க மேலயும் அவதூறு கேஸ் வரலாம், பிஎன்எஸ்ங்கிற புது குற்றவியல் சட்டத்துல 356வது பிரிவு, ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு. குடும்ப போட்டோவை அட்மின்கிட்ட சொல்லி இன்னிக்கே டெலிட் பண்ண வைங்க, அவர் வீட்டுப் பிள்ளைங்க யார்கிட்டயும் சீட்டு பணம் வாங்கல.