மடங்கிய மூட்டு நிமிருமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. உசிலம்பட்டிப் பக்கம் பூப்பறிக்கும் வேலை பார்த்தவர். நாலு வருஷமாக இரண்டு முழங்காலும் மடங்கியே நிற்கின்றன. நீட்டவும் வரவில்லை, முழுசாக மடக்கவும் வரவில்லை. மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தால் நேராகுமா? பிறகு மறுபடியும் மடங்கிவிடாதா?

பதில்: பெரும்பாலும் நேராகிவிடும். ஆனால் ஆபரேஷன் மேஜையிலேயே நிமிராத கால், வீட்டுக்கு வந்து பயிற்சியால் நிமிரும் என்று நம்பியிருக்கக் கூடாது.

தேய்ந்த மூட்டின் பின்பக்கம் எலும்பு முளைகள் வளர்ந்திருக்கும். அவற்றின் மேல் மூட்டின் பின்புற உறை கூடாரத் துணி போல இழுபட்டு, நாளடைவில் சுருங்கிவிடும். அதனால் முதலில் முளைகளைச் செதுக்கி எடுப்போம். அதிலேயே பல கால்கள் பாதிக்கு மேல் இறங்கிவிடும். மிச்சத்துக்கு, அந்த உறையைத் தொடை எலும்பிலிருந்து பிரித்துத் தளர்த்துவோம். காலின் பெரிய ரத்தக்குழாய் அதற்குச் சற்றுப் பின்னால்தான் ஓடுகிறது, ஆகவே எலும்பை ஒட்டியே போக வேண்டும். இவ்வளவுக்கும் நிமிராவிட்டால்தான் தொடை எலும்பின் நுனியில் வழக்கமான வெட்டுக்கு மேல் 2 மி.மீ., மிஞ்சினால் 4 மி.மீ. எடுப்பது. எடுத்த எடுப்பில் எலும்பை வெட்டினால் கால் சட்டென்று நேராகும்தான். ஆனால் மூட்டு மட்டம் மேலே ஏறி, பாதி மடக்கிய நிலையில் முட்டி ஆடும், படி இறங்கும்போது அது தெரியும். கடைசியில் குதிகாலைப் பிடித்துத் தூக்கினால், முட்டியை யாரும் அழுத்தாமலே கால் நேராக விழ வேண்டும்.

மடக்குவது வேறு கணக்கு. முன்பு எவ்வளவு மடங்கியதோ, அதை ஒட்டித்தான் பின்பும் மடங்கும். 80 பாகை மட்டும் மடங்கிய காலுக்கு 100 கிடைத்தால் நல்ல பலன். நாற்காலியிலிருந்து எழ, படி ஏற அது போதும். சம்மணம் போட்டு உட்கார்ந்து பூக்கட்டுவதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பாதத்தை மேலே தூக்கும் நரம்பு முட்டியின் வெளிப்பக்கம் ஓடுகிறது. வெகுநாள் மடங்கிய கால் ஒரேயடியாக நிமிரும்போது அது இழுபடலாம். முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும் கால்களில் இந்த ஆபத்து அதிகம். முதுகில் போட்ட ஊசியின் மரப்பு விட்டதும் பாதத்தை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கட்டைத் தளர்த்தி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி வைப்பதுதான் முதல் வேலை.

மறுபடி மடங்க முக்கியமான காரணம் தலையணை. வலிக்கு இதமாக இருக்கிறதென்று பாசத்தில் முட்டிக்கு அடியில் வைத்துவிடுவார்கள். வைக்கவே கூடாது. சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். 10 நிமிஷம், நாளைக்கு நாலைந்து முறை. அப்போதே தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி விடச் சொல்லுங்கள். ஆறு வாரமாகியும் 90 பாகை மடங்காவிட்டால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவது மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் சரியாகப் பலிக்கும்.

இரண்டு காலும் மடங்கியிருப்பதால் ஒன்றை மட்டும் செய்துவிட்டு வருஷக்கணக்கில் விடாதீர்கள். நேரான கால் நீளமாகிவிடும். குட்டைக் காலுக்கு ஈடாக அதையும் மடக்கியே நடப்பார். இதயமும் சர்க்கரையும் இடம் கொடுத்தால் ஒரே தடவையில், இல்லையென்றால் சில வாரம், மிஞ்சினால் மூன்று மாத இடைவெளியில் இரண்டையும் முடித்துவிடுங்கள்.