வணிகவியல் படித்த பெண்ணுக்குத் தரவுத்தளத் துறையில் இடம் உண்டா?

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூவில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்துத் தேறிய தங்கள் மகள் பி.காம். கணினிப் பயன்பாடு சேர விரும்புவதாகவும், தரவுத்தளம் (தகவல்களைக் கணினியில் ஒழுங்காகச் சேமித்து, வேண்டும்போது எடுக்கும் ஏற்பாடு), தகவல் அமைப்பு ஆகியவற்றைப் படித்துவிட்டு வெளியே வருவதற்குள் அந்த வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு பறித்துக்கொள்ளுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பொறியியல் படித்தவர்கள் நிறைந்த துறையில் இவளுக்கு இடம் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புகளுக்கான தட்கல் முன்பதிவு திறந்தவுடன், மதுரை நிலையக் கவுன்ட்டரில் நிற்கும் ஒருவரும் சென்னையில் கைப்பேசியுடன் உட்கார்ந்திருக்கும் ஒருவரும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் மிஞ்சியிருக்கும் அதே ஒரு படுக்கையைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் அதை ஒதுக்கிவிட்டால் இரவில் ரயில் பெட்டிக்குள் சண்டைதான். ஆகவே, ஒருவரது கோரிக்கை முடியும்வரை அந்தப் படுக்கையை மற்றவர் தொட முடியாதபடி தரவுத்தளம் பூட்டி வைக்கிறது. படுக்கை ஒதுக்கீடு, கட்டணப் பதிவு, 10 இலக்க பி.என்.ஆர். எண் ஆகிய மூன்றும் சேர்ந்து நடக்கும்; ஏதேனும் ஒன்று தவறினால் மூன்றும் நடக்காததாகிவிடும். ஆனாலும் வங்கிக் கணக்கில் பணம் போய், டிக்கெட் வராத அனுபவம் பலருக்கும் உண்டு. வங்கியின் தரவுத்தளமும் ரயில்வேயின் தரவுத்தளமும் வெவ்வேறு என்பதால், இடையில் இணைப்பு அறுந்தால் பின்னர் இரண்டு பக்கப் பதிவுகளையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைக் கண்டுபிடித்துப் பணத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. தங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்டிருப்பாள். அடிப்படையில் அதே வேலைதான் இது, அளவு மட்டும் பெரியது. இதில் கணக்குப்பதிவு தெரிந்தவருக்கே கை ஓங்கியிருக்கும்.

தாங்கள் மருந்து மொத்த வியாபாரம் செய்வதாக எழுதியிருப்பதால் இன்னொரு நிறுவனத்தையும் சொல்கிறேன். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்து வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்குள் பாஸ்புக்கில் பதிந்து மருந்தை எடுத்துக்கொள்கிறது. கிடங்கு ஊழியர் பதியும் ஒரு வரி, அன்றைய இருப்பைக் குறைக்கிறது. அந்த வரிகள் மாதக்கணக்கில் சேரும்போது எந்த மருந்து எந்த மாவட்டத்தில் எவ்வளவு செலவாகிறது, எந்த பேட்ச் (ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கு) காலாவதியை நெருங்குகிறது, அடுத்த கொள்முதல் ஆணையை எப்போது போட வேண்டும் என்பவையெல்லாம் தெரியவருகின்றன. அன்றாடப் பதிவை மேலாளரின் அறிக்கையாகவும் தலைமையின் முடிவாகவும் மாற்றும் இந்த ஏற்பாட்டையே தகவல் அமைப்பு என்கிறார்கள். நிரல் எழுதுவது அதில் ஒரு பகுதிதான்.

இனி செயற்கை நுண்ணறிவு பற்றி. தரவை அட்டவணைகளாகப் பிரித்து உறவுபடுத்தும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் முன்வைத்தார். அதை ஒட்டி, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்பதற்கென உருவான எஸ்க்யூஎல் மொழி இன்றும் வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் என எங்கும் புழங்குகிறது. அந்த மொழியில் கேள்வி எழுதித்தரும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு இப்போதே நன்றாகச் செய்கிறது. வெறும் தரவுப் பதிவும், சொன்ன அறிக்கையை எடுத்துக்கொடுப்பதும் மட்டுமே தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு சுருங்கும் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால், ‘எந்தக் கம்பெனி மருந்தில் நமக்கு லாபம் குறைவு?’ என்று தாங்கள் கேட்டால், பத்துக்கு ஒன்று ஃப்ரீ என்று வந்த சரக்கின் அடக்கவிலையை எப்படிப் பிரிப்பது, காலாவதியாகித் திருப்பி அனுப்பிய சரக்குக்குக் கம்பெனி இன்னும் வரவு வைக்காத தொகையைச் சேர்ப்பதா விடுவதா என்று முடிவு செய்த பிறகுதான் கேள்வியையே எழுத முடியும். அந்த முடிவுக்கு வியாபாரம் தெரிய வேண்டும்.

ஆகவே, தங்கள் மகள் பி.காம். கணினிப் பயன்பாட்டில் சேரலாம் என்பதே என் கருத்து. ஒரு நிபந்தனை உண்டு. எம்.சி.ஏ. என்ற கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் பட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால், பி.காம். பட்டதாரிகள் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கப்படலாம் என்பதால், கல்லூரிப் பாடத்திட்டத்தில் கணிதத்தாள் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பொதுத்துறை வங்கிகளின் ஐ.டி. அதிகாரி பதவிக்கும் பி.காம். மட்டும் போதாது, கணினி சார்ந்த பொறியியல் பட்டமோ முதுநிலைப் பட்டமோ பொதுவாகக் கேட்கப்படுகிறது. தனியார் துறையில் எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ் (நிர்வாகத்துக்கு அறிக்கை தயாரிப்பவர்), ஈ.ஆர்.பி. சப்போர்ட் (நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் மென்பொருளுக்கு உதவுபவர்) போன்ற பணிகளில் தொடங்கி, வியாபாரத் தேவையை ஆராய்ந்து சொல்லும் பிசினஸ் அனலிஸ்ட் நிலைக்கு உயர்கிறவர்களில் வணிகவியல் பட்டதாரிகளும் இருக்கிறார்கள்.

வேலை உறுதி என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்கும் பயிற்சி மையங்களில் முதலாண்டிலேயே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இரண்டையும் இலவசமாகவே கணினியில் நிறுவிக்கொள்ளலாம், என்.பி.டி.இ.எல். என்ற இணையக் கல்வித் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் தரவுத்தளப் பாடங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் தங்கள் கடையே. விடுமுறையில் அவளை பில்லிங் கணினிக்கு அருகே உட்காரவைத்து, கொள்முதல் பில் வந்து இருப்பில் ஏறுவது முதல் விற்பனை பில் போவது வரை கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு அதையே அவள் தானே ஒரு சிறு தரவுத்தளமாக வடிவமைக்கட்டும். முதலில் மருந்தின் பெயருக்கு நேராகவே எம்.ஆர்.பி.யை எழுதிவைப்பாள். விலை ஏறிய புதுச் சரக்கு வந்ததும், அலமாரியிலுள்ள பழைய பேட்ச்சுக்கும் புது விலையில் பில் விழும். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம் என்பது தாங்கள் அறிந்ததே. விலையும் காலாவதித் தேதியும் பேட்ச்சுக்கு உரியவை, ஆகவே பேட்ச்சுக்குத் தனி அட்டவணை வேண்டும் என்பது அப்போது அவளுக்குத் தானாகவே விளங்கும். நேர்முகத் தேர்வில் இந்த ஒன்றை விளக்கிச் சொல்லத் தெரிந்தாலே கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது துறைத் தலைவரிடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவர்கள் தரவுத்தள ஆய்வகத்தில் தாங்களே அமர்ந்து செய்கிறார்கள் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு மாணவர் செய்த ஒரு புராஜெக்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கல்லூரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.