கழிப்பறை சர்வேயில் எல்லாரும் 'ஆமாம்' என்றால்

உங்கள் ஊர் சர்வேயில் 120 வீட்டில் 111 வீடு "கழிப்பறை பயன்படுத்துகிறோம்" என்று சொல்லியும், விடிகாலையில் ஏரிக்கரைக்கு வெளிக்குப் போகிற கூட்டம் குறையவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை வீட்டுக்கு ஒன்றாகக் கேட்காமல் ஆளுக்கு ஒன்றாகக் கேளுங்கள். ஊர் முழுக்கப் பொய் சொல்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். மருமகள் மட்டும் பயன்படுத்தி, மாமனார் கரைக்குப் போகிற வீட்டிலும் "ஆமாம்" என்பது உண்மையான பதில்தானே. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே வீட்டினர் வழக்கமாக எதைப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் கேட்கிறது, அதில் தனி ஆள் மறைந்துபோவார்.

இன்னொன்று, சர்வேக்கு ஊராட்சி ஆளைக் கூட்டிக்கொண்டு போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மானியம் வாங்கிக் கட்டிய வீட்டுக்காரர் அவர் முன்னால் வேறென்ன சொல்வார்?

சோதித்துப் பார்க்க:

1. குலுக்கலில் 20 வீடு எடுத்து, ஊராட்சி ஆள் இல்லாமல் போங்கள்.

2. "சிலர் கழிப்பறைக்குப் போகிறார்கள், சிலர் வெளியே போகிறார்கள், நேற்று நீங்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்.

3. அனுமதி கொடுத்தால் கழிப்பறையைப் பாருங்கள். வாளி, ஈரத் தரை இருக்கிறதா, இல்லை விறகு அடுக்கியிருக்கிறதா. எனக்கு இதுதான் பல தடவை கைகொடுத்தது.

ஆனால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கழித்து "பயன்பாடு குறைந்தது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மாறியது கேள்வி. அப்புறம், 20 வீட்டை வைத்து ஊருக்கே சதவீதம் போடவும் முடியாது, முழு சர்வேயை எப்படித் திருத்துவது என்று காட்ட மட்டும் அது போதும்.