பிப்ரவரிக் குளிரில் மோட்டார்ஹோம்: நியூ ஜெர்சியிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான கேள்வி பதில்

மார்ச் நடுவில் கலிஃபோர்னியாவில் காண்ட்ராக்ட் தொடங்குகிறது, பிப்ரவரி கடைசியில் கிழக்குக் கரையிலிருந்து ஆர்வியில் (அதாவது மோட்டார்ஹோமில்) கிளம்ப வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான கேள்விகள் கிளாஸ் சி வண்டி, அதாவது வேன் அடித்தளத்தின் மேல் கட்டிய நடுத்தர மோட்டார்ஹோம் பற்றியவை. பெட்ரோலில் ஓடும் ஃபோர்டு ஈ-450 அடித்தளம் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (எடிசன்): அண்ணா, ஜிபிஎஸ் ஐ-80தான் காட்டுது. சான் ஹோசேக்கு அதுதானே குறைவு?

தூரம் குறைவுதான். ("ஐ" என்றால் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை.) ஐ-80ல் சுமார் 2,900 மைல், நான் கீழே சொல்லும் தெற்கு வழியில் சுமார் 3,350. ஆனால் ஐ-80 வயோமிங்கில் ஷயான், லாரமி நடுவே 8,640 அடி ஏறுகிறது. லாரமி, ராலின்ஸ் நடுவே எல்க் மவுண்டன் பகுதியில் பனியைவிடக் காற்றுதான் ஆபத்து. உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்கு மட்டும் அங்கே அடிக்கடி தடை போடுவார்கள். உங்கள் வண்டி அந்த வகைதான். கடைசியில் டானர் கணவாய், 7,200 அடி, டயருக்குச் செயின் கட்டாயம் என்று போர்டு வைத்திருப்பார்கள்.

ஐ-40 தெற்கே இருப்பதால் வெதுவெதுப்பாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி, மார்ச்சிலும் நன்றாகப் பனி கொட்டும். அரிசோனா என்ற பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

நான் சொல்லும் வழி இது. ஐ-78ல் ஹாரிஸ்பர்க், அங்கிருந்து ஐ-81ல் வர்ஜீனியா முழுக்க இறங்கி டென்னசி. நாக்ஸ்வில்லில் ஐ-75 பிடித்துச் சட்டனூகா, ஐ-59ல் பர்மிங்ஹாம், பிறகு ஐ-20ல் ஜாக்சன், ஷ்ரீவ்போர்ட், டல்லஸ். மேற்கு டெக்சாஸில் ஐ-20 போய் ஐ-10ல் சேரும். எல் பாசோ, டூசான், ஃபீனிக்ஸ், லாஸ் ஏஞ்சலஸ், அப்புறம் ஐ-5. ஐ-10ல் ஏறும் உச்சமே சுமார் 5,000 அடிதான். கூடுதல் 450 மைலுக்கு, கேலனுக்கு 8 மைல் கணக்கில், 56 கேலன் பெட்ரோல். வயோமிங்கில் ரோடு மூடி இரண்டு நாள் மாட்டிக்கொண்டால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிதில்லை.

ஒரு நாளைக்கு 300, 350 மைலுக்கு மேல் திட்டம் போடாதீர்கள். அப்படியென்றால் பத்து பதினோரு நாள். அதன் மேல் மூன்று நாள் சும்மா விட்டு வையுங்கள். வேலை திங்கட்கிழமை என்றால் முந்தைய வியாழனுக்குள் போய்ச் சேரும்படி கணக்குப் போடுங்கள். மழைக்காலத்திலோ கோடையிலோ இது வீண். பிப்ரவரியில் இந்த மூன்று நாள்தான் உங்கள் காப்பீடு.

கேள்வி (பிரிட்ஜ்வாட்டர்): தெற்கே டெக்சாஸ் போயிட்டா பனி பயம் இல்லைதானே?

இருக்கிறது. வடக்கில் பெய்வது பனி, அதை வாரித் தள்ள வண்டியும் உப்பும் உண்டு. டெக்சாஸில் பெய்வது உறைமழை, தாரோடு தாராகக் கண்ணாடிபோல் ஒட்டிக்கொள்ளும். 2021 பிப்ரவரி 11 அன்று ஃபோர்ட் வொர்த்தில் ஐ-35டபிள்யூவில் 130க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதி ஆறு பேர் இறந்தார்கள். மேம்பாலங்கள்தான் முதலில் உறையும், கீழே காற்று போவதால். "ஃப்ரீஸிங் ரெயின்" என்று வானிலை அறிக்கையில் வந்தால் ஷ்ரீவ்போர்ட்டிலேயே நிறுத்திவிடுங்கள். 14,000 பவுண்டு வண்டிக்குச் செயின் மாட்டி ஓட்டிப் பார்க்கும் இடம் அது இல்லை.

கேள்வி (பால்டிமோர்): புரொப்பேனோடு சுரங்கத்தில் போகலாமா?

பால்டிமோரின் இரண்டு சுரங்கங்களிலும், ஐ-95லும் ஐ-895லும், ஆர்வி அளவு புரொப்பேனுக்கு (வண்டியில் சமையலுக்கும் சூட்டுக்கும் இருக்கும் காஸ்) அனுமதி இல்லை. முன்பு எல்லாரும் கீ பாலம் வழியாகச் சுற்றினார்கள், அது 2024 மார்ச் 26ல் இடிந்துவிட்டது. இப்போது ஐ-695ன் மேற்குப் பக்கம்தான் வழி. ஐ-81 எடுத்தால் இந்தத் தலைவலியே கிடையாது.

கேள்வி (பிஸ்காட்டவே): தண்ணீர் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பலாமா? உள்ளே சூடேத்துற ஃபர்னஸ் ஓடிக்கிட்டே இருக்குமே.

கிளம்பக் கூடாது. வண்டி ஓடும்போது அடிப்பக்கத்தில் 60 மைல் வேகத்தில் குளிர்காற்று அடிக்கும். உள்ளே 70 டிகிரி இருந்தாலும் வால்வு, டிரெய்ன் குழாய், வாட்டர் ஹீட்டர் இணைப்பு எல்லாம் வெளியே 15 டிகிரியில் இருக்கும். (நான் சொல்லும் டிகிரி எல்லாமே ஃபாரன்ஹீட்.) குழாய் பெரும்பாலும் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக், கொஞ்சம் விரிந்து தாங்கும். உடைவது பிளாஸ்டிக் எல்போ, பம்பின் மூடி, டாய்லெட் வால்வு. உடைந்தது உறைந்திருக்கும்போது தெரியாது, ஐஸ் கரைந்த பிறகுதான் தரை ஈரமாகும்.

அதனால் வடக்கில் காய்ந்த வண்டியாகவே ஓட்டுங்கள். வின்டரைஸ் செய்த நிலையிலேயே, அதாவது தண்ணீரை வடித்துக் குழாய்களில் ஆர்விக்கான பிங்க் ஆன்டிஃப்ரீஸ் ஏற்றிய நிலையிலேயே கிளம்புங்கள். குடிக்க ஆறு கேலன் தண்ணீர் கேனில், உள்ளே. டாய்லெட்டை அலச ஆர்விக்கான பிங்க் ஆன்டிஃப்ரீஸை ஒரு பழைய பாட்டிலில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒரு கப் ஊற்றுங்கள். காருக்கான பச்சை ஆன்டிஃப்ரீஸ் விஷம், கூடவே கூடாது. பிங்க் பாட்டிலில் மைனஸ் 50 என்று போட்டிருப்பது குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு. 10 டிகிரி வாக்கிலேயே அது கூழாகிவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் கழிவு டேங்கில் தண்ணீரோடு கலந்தால் வலு குறையும், அதனால் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுங்கள்.

இரவுக் குளிர் தொடர்ந்து 32க்கு மேல் நிற்கும் இடத்தில், பொதுவாக டல்லஸ் தாண்டி, தண்ணீர் ஏற்றலாம். மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில் இரவு சட்டென்று இறங்கும், அதனால் பத்து நாள் வானிலை பார்த்துவிட்டு. முதலில் நல்ல தண்ணீரால் பிங்க் போகும்வரை எல்லாக் குழாயையும் ஓடவிடுங்கள், சூடு, குளிர் இரண்டும், வெளி ஷவரையும் மறக்காமல். பிறகு 15 கேலனுக்குக் கால் கப் வாசனையில்லாத ப்ளீச். 40 கேலன் டேங்குக்கு முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவு. பம்பைப் போட்டு ஒவ்வொரு குழாயிலும் ப்ளீச் வாடை வரும்வரை விட்டு மூடி, குறைந்தது நாலு மணி நேரம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசுங்கள். வாட்டர் ஹீட்டருக்குள் தண்ணீர் போகாமல் தடுத்திருந்த பைபாஸ் வால்வைத் திருப்பி, சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் காற்றில்லாமல் வருவதைப் பார்த்த பிறகே ஹீட்டரை ஆன் செய்யுங்கள். காலி டேங்கில் கரண்ட் ஹீட்டரைப் போட்டால் எலிமென்ட் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

கேள்வி (ஹாரிஸன்): காஸ் பாதி டேங்க் இருக்கு, ஆனா விடியற்காலை மூணு மணிக்கு ஃபர்னஸ் நின்னுடுது. ஃபர்னஸ் கெட்டுப்போச்சா?

ஃபர்னஸ் கெடவில்லை, பேட்டரி தீர்ந்திருக்கிறது. ஃபர்னஸ் எரிவது காஸில், ஆனால் சூட்டைத் தள்ளும் விசிறி 12 வோல்ட்டில் ஓடுகிறது, சுமார் 8 ஆம்ப் இழுக்கும். வெளியே 20 டிகிரி, 14 மணி நேர இரவு, பாதி நேரம் ஓடுகிறது என்றால் 7 மணி நேரம், 56 ஆம்ப்-ஹவர். காஸ் அலாரம், ஃப்ரிட்ஜ் போர்டு, விளக்கு எல்லாம் சேர்த்து 65 என்று வையுங்கள். உங்களிடம் இருப்பது 100 ஆம்ப்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று. குளிரில் அதன் கொள்ளளவே 75க்கு அருகே இறங்கிவிடும், அதிலும் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆக, கையில் 37.

மின்னழுத்தம் விழுந்தால் விசிறி மெதுவாகச் சுற்றும். உள்ளே காற்றோட்டம் போதுமா என்று பார்க்கும் சின்னத் தகடு ஒன்று உண்டு, செயில் ஸ்விட்ச் என்பார்கள். காற்று போதாமல் அது அழுத்தப்படாவிட்டால் காஸ் வால்வே திறக்காது. விசிறிச் சத்தம் கேட்கும், சூடு வராது. மெக்கானிக்கிடம் போகும் முன் வோல்ட்மீட்டர் வையுங்கள். 11க்கு அருகே காட்டினால் விடை கிடைத்துவிட்டது.

6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் சுமார் 220 கிடைக்கும், ஓர் இரவு சமாளிக்கும். லித்தியம் போடுகிறவர்கள் கவனிக்க: 32 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, நல்ல பேட்டரி தானே மறுத்துவிடும். வெளிப் பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் ஆல்டர்னேட்டர் ஏன் ஏற்றவில்லை என்று தேடுவதில் அர்த்தமில்லை. கட்டிலுக்கு அடியில் வைக்கலாம், அல்லது ஹீட்டிங் உள்ள மாடல் வாங்கலாம்.

காஸ் கணக்கு: 30,000 பி.டி.யூ. (வெப்ப அளவு) ஃபர்னஸ் எரியும் ஒரு மணிக்குக் கேலனில் மூன்றில் ஒரு பங்கு. அதே 7 மணி நேரத்துக்கு 2.3 கேலன். 12 கேலன் டேங்கில் 80 விழுக்காடுதான் நிரப்புவார்கள், அதாவது 9.6. நாலு இரவு. ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்காதீர்கள், புகைபோக்கியைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளேதான் வரும்.

கேள்வி (ரோனோக்): பார்க்கில் கரண்ட் இலவசம்தானே. இரண்டு ரூம் ஹீட்டர் போட்டுட்டு காஸை மிச்சம் பிடிக்கலாமா?

30 ஆம்ப் இணைப்பு மொத்தமே 3,600 வாட். ஒவ்வொரு ஹீட்டரும் 1,500 இழுக்கும். இரண்டும் ஓடும்போது மைக்ரோவேவைத் தொட்டால் பிரேக்கர் விழும். அதைவிடப் பெரிய சிக்கல், ஃபர்னஸின் ஒரு குழாய் அடிப்பக்க டேங்க் பெட்டிக்குப் போகிறது. உள்ளே ஹீட்டரால் சூடானால் தெர்மோஸ்டாட் ஃபர்னஸை எழுப்பவே எழுப்பாது. நீங்கள் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள், கீழே டேங்க் கல்லாகிக்கொண்டிருக்கும். ஹீட்டர் ஒன்று போதும், அதுவும் குறைந்த அளவில், 750 வாட். மீதியை ஃபர்னஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

கழிவு வால்வுகளை மூடியே வையுங்கள், மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் திறந்துவிட்டு ஹோஸைக் கழற்றி உள்ளே போடுங்கள். திறந்துவிட்ட கிரே டேங்க் (சிங்க், குளியல் கழிவுநீர் டேங்க்) சொட்டுச் சொட்டாக ஹோஸில் இறங்கி, காலையில் பத்தடி ஐஸ் கம்பியாக நிற்கும்.

கேள்வி: கண்ணாடி எல்லாம் உள்பக்கம் தண்ணீர் வழியுது, மெத்தைக்கு அடியிலும் ஈரம்.

சமையல், மூச்சு, ஈரத் துணி. குக்கர் நாலு விசில் விட்டால் அந்த நீராவி எங்கே போகும்? சமைக்கும்போது மேல் வென்ட்டை ஓர் அங்குலம் திறந்து விசிறியைப் போடுங்கள். புகைக்குழாய் இல்லாத கையடக்க காஸ் ஹீட்டர் வேண்டாம். ஒரு கேலன் புரொப்பேன் எரிந்தால் சுமார் 0.8 கேலன் தண்ணீர் உண்டாகும், அத்தனையும் உங்கள் சுவரில் படியும். ஃபர்னஸின் புகை வெளியே போவதால் அந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி (ட்ரென்டன்): டயர் பிரஷர்?

70 டிகிரி ஷெட்டில் 80 பி.எஸ்.ஐ. ஏற்றினால், 10 டிகிரிக் காலையில் அது 69தான் இருக்கும். 10 டிகிரியில் 80 ஏற்றிக்கொண்டு ஃபீனிக்ஸின் 75 டிகிரிக்குப் போனால், ஓடாமல் நிற்கும்போதே 93. ஆகவே பயணத்தில் இரண்டு மூன்று முறை காலையில், வண்டி எடுக்கும் முன், கதவுப் பக்க ஸ்டிக்கர் அளவுக்குத் திருத்துங்கள். மதியம் சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள். பின்னால் உள்பக்க டயரை யாரும் பார்ப்பதில்லை, வால்வு நீட்டிப்பு இல்லாவிட்டால் வாங்கிப் போடுங்கள். டயர் மேல் டாட் எண்ணின் கடைசி நாலு இலக்கம் வாரமும் ஆண்டும். 1819 என்றால் 2019ன் 18வது வாரம். கட்டை எவ்வளவு பாக்கி இருந்தாலும் ஏழு வயதுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி (டல்லஸ்): நியூ மெக்சிகோ பக்கம் புழுதிப் புயல் வருமாமே?

வரும். லார்ட்ஸ்பர்க் தாண்டி அரிசோனா எல்லை வரை ஐ-10 ஒரு வறண்ட ஏரிப் படுகை மேல் போகிறது. பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை காற்று எழுந்தால் சில நொடியில் முன்னால் எதுவும் தெரியாது. முடிந்தால் முன்கூட்டியே எக்ஸிட்டில் இறங்கிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் தாரை விட்டு எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்தி, விளக்கெல்லாம் அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். ஹசார்டு விளக்கு போடுவது தப்பு. பின்னால் வருகிறவர் அந்தச் சிவப்பைப் பார்த்து, ரோடு அங்கேதான் போகிறது என்று உங்கள் மேலேயே ஏற்றிவிடுவார். அந்தப் பகுதியைக் காலையில் கடப்பது நல்லது, மதியம்தான் காற்று வலுக்கும்.

கேள்வி: நடுவில் நாலு நாள் லாகின் பண்ணணும். நெட், மீட்டிங் நேரம்?

இரண்டு வேறு கம்பெனி சிம், அதோடு ஸ்டார்லிங்க் மினி. மினி சராசரியாக 25 முதல் 40 வாட், எட்டு மணி நேரத்துக்கு 25 ஆம்ப்-ஹவர் வரை. மேலே சொன்ன பேட்டரிக் கணக்கில் இதையும் சேருங்கள், பனி உருக்கும் வசதி ஆனில் இருந்தால் இன்னும் கூடும். பீக்கோஸ், வான் ஹார்ன் பக்கம் சிம்மை நம்பி மீட்டிங் வைக்காதீர்கள்.

நேரம்: அலபாமாவில் நுழைந்ததும் சென்ட்ரல், வான் ஹார்ன் தாண்டியதும் மவுண்டன். அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை. மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை கலிஃபோர்னியாவைவிட ஒரு மணி நேரம் முன்னால், அதன் பிறகு இரண்டும் ஒன்று. காலண்டரில் கிழக்கு நேரத்தையே பூட்டி வைத்துவிடுங்கள்.

கேள்வி: எச்-1பியில் இருக்கேன். வண்டியிலிருந்தே வேலை பார்த்தா பிரச்சினையா?

எச்-1பி வேலை விசாவுக்காக நிறுவனம் தாக்கல் செய்யும் எல்.சி.ஏ. விண்ணப்பத்தில் எழுதிய பணியிடப் பகுதிக்கு வெளியே வேலை பார்ப்பதற்கு எல்லை உண்டு. குறுகிய காலப் பணி ஆண்டுக்கு 30 வேலை நாள், பழைய ஊரிலேயே அலுவலக இருக்கையும் வீடும் தொடர்ந்தால் 60. அந்த நாள்களின் தங்கும், பயணச் செலவு நிறுவனத்துடையது. கலிஃபோர்னியாவில் நிரந்தரமாக வேலை என்றால், புதிய இடத்தில் தொடங்கும் முன்பே திருத்த மனு தாக்கலாகியிருக்க வேண்டும். மேனேஜர் "ஓகே" சொன்னது போதாது, கம்பெனி வக்கீல் மின்னஞ்சலில் எழுதித் தரட்டும். பாஸ்போர்ட், ஐ-94 (நுழைவுப் பதிவு) அச்சு, ஐ-797 (விசா மனு ஒப்புதல்) நகல் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில். ஐ-10 எல்லையை ஒட்டிப் போவதால் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. திரும்பி வரும்போது சியரா பிளாங்காவில் கட்டாயம் பார்ப்பீர்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): அரிசோனாவில் இடம் கிடைக்குமா?

வடக்கில் பல பார்க்குகள் ஏப்ரல் வரை மூடியிருக்கும், அரிசோனாவில் தலைகீழ். கனடா, மினசோட்டா பெரியவர்கள் மார்ச் வரை அங்கேதான். டூசான், ஃபீனிக்ஸ் இடத்தை மூன்று வாரம் முன்பே பிடியுங்கள். கிடைக்காவிட்டால் குவார்ட்ஸைட்டைச் சுற்றி அரசு நிலத்தில் 14 நாள் வரை இலவசமாக நிறுத்தலாம், தண்ணீரும் கரண்டும் உங்கள் பொறுப்பு. டெக்சாஸ் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 24 மணி நேரம் வரை நிற்கலாம்.

கேள்வி: கறிவேப்பிலைச் செடி கூட வருது, ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?

சொல்வார்கள். கறிவேப்பிலை எலுமிச்சை இனத்தைச் சேர்ந்தது. ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் பூச்சி அதில் தங்கும். ஐ-10ல் ப்ளைத் அருகே கலிஃபோர்னியாவின் விவசாயச் சோதனை நிலையம் இருக்கிறது, ஆர்வியை நிறுத்தி ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள். செடி, இலை, ஆரஞ்சு, எலுமிச்சை எதுவும் வேண்டாம். செடியை நியூ ஜெர்சியிலேயே நண்பர் வீட்டில் விடுங்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும் இலையை ஃபீனிக்ஸிலேயே தாளித்துத் தீர்த்துவிடுங்கள்.