நிறம் மங்கிய பழைய துப்பாக்கி

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் எனக்கு, 1920களில் பர்மிங்காமில் செய்யப்பட்ட இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்று என் ஆங்கிலேய மாமனாரிடமிருந்து முறையான உரிமத்துடன் வந்துள்ளது. குழல்களின் கருநிறம் மங்கி, ஆங்காங்கே துரு தெரிகிறது. புதிதாக மெருகேற்றலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்தக் கருநிறம் வண்ணப்பூச்சு அன்று. எஃகை வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் இட்டு, செந்துருவைக் கரிய இரும்பு ஆக்சைடாக மாற்றித் தேய்த்து, இதையே பலமுறை திரும்பச் செய்து வரவழைத்த மெல்லிய படலம். மெருகேற்றுபவர் முதலில் உலோகத்தையே தேய்ப்பார் என்பதால் விளிம்புகள் மழுங்கும், செதுக்கு வேலை மங்கும், குழல் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குமா எனப் பார்க்க 1813 இல் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனை நிலையத்தின் முத்திரைகளும் தேயக்கூடும். துப்பாக்கியின் வயதையும் சோதனையையும் சொல்லும் சாட்சிகள் அவைதாம். சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பதும் அவற்றையே.

இதைவிடப் பெரிய ஆபத்து, சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் எரிசோடாக் கரைசலில் முக்கி எடுத்துக் கருநிறமேற்றும் விரைவு முறை. பழைய இரட்டைக்குழல்களை இணைத்திருக்கும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசை அது அரித்துவிடும். மலிவாக முடிகிறதே என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தோட்டா இல்லையென உறுதிசெய்தபின், எண்ணெய் தோய்த்த மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் துருவை மட்டும் மெல்ல எடுங்கள். குழலின் உட்புறத்தில் குழிகள் இருந்தால், சுடுமுன் தேர்ந்த துப்பாக்கி வினைஞரிடம் காட்டுங்கள். முன்பே யாரோ தேய்த்துப் பாழாக்கிய துப்பாக்கியென்றால் மட்டும், பழைய முறையிலேயே கருநிறமேற்றுவதில் எனக்கு மறுப்பில்லை.