கடலூர் தட்டையா?

அன்புள்ள ஐயா,

ஓய்வு பெற்ற பிறகு ராத்திரியில் கூகுள் எர்த்தில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்கள், சுமார் 3,500 கிலோமீட்டர். திரையில் பாதைக்குப் போட்ட கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் மலைகள் எழுந்து வருகின்றன. முழங்கால் வலிக்காரனுக்கு இதுவே நடை. இதைவிட நல்ல மென்பொருள் உண்டா? இப்படிப் பார்ப்பதும் ஒரு பயணம்தானே? நம் பக்கத்தையும் பார்த்தேன். உயரத்தை மூன்று மடங்காகக் காட்டச் சொல்லியும் புதுச்சேரி முதல் கடலூர் வரை தோசைக்கல் மாதிரி தட்டை. இங்கே நடக்க என்ன இருக்கிறது?

ர., முதலியார்பேட்டை

அன்புள்ள ர.,

முழங்கால் வலியோடு ராத்திரியில் மலை ஏறுகிறீர்கள். ஏறுங்கள், யார் கேட்பது? அது பயணமா இல்லையா என்று விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. மென்பொருளும் கைக்குப் பழகியதே போதும். ஆனால் அந்தத் தோசைக்கல்லை மட்டும் சும்மா விட முடியாது. கொஞ்ச நாளாக நானும் இந்த உயரக் கணக்கைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் மேடு பள்ளத்தை அளந்தது. உலகின் பெரும்பகுதிக்கு இந்த மாதிரி வரைபடங்களில் உயரம் வந்தது அந்தக் கணக்கிலிருந்தோ அது போன்ற இன்னொன்றிலிருந்தோதான். ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரத்தில் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். உங்கள் பாதை முடிகிற கடாடின் மலை 1,600 மீட்டர். அதில் ஐந்து மீட்டர் தப்பினால் யாருக்குத் தெரியும்? கடலூரில் ஐந்து மீட்டர் தப்பினால் பாதி ஊர் கடலுக்குள் போய்விடும்!

இன்னொன்று. அந்த ரேடாருக்கு மரத்தையும் தரையையும் சரியாகப் பிரிக்கத் தெரியாது. அடர்ந்த முந்திரித் தோப்பு என்றால் மேலே பட்டே திரும்பிவிடும். 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. விண்கலத்தின் கணக்கில் அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன, மேடு என்ற பெயரில். இதை வைத்துக்கொண்டா எங்கள் ஊரைத் தட்டை என்கிறீர்கள்? 2015 வெள்ளத்தில் ஒரே தெருவில் இந்தப் பக்கத்து வீட்டில் கட்டில் வரை தண்ணீர். எதிர்வீட்டிலிருந்துதான் அவர்களுக்குச் சோறு வந்தது. நடுவில் மூன்றடி வித்தியாசம் இருந்தால் அதிகம். எந்தத் திரையில் அது தெரியும்?

நடக்க என்ன இருக்கிறதாம்! ஆகஸ்ட் கடைசியில் உங்கள் முதலியார்பேட்டை வழியாகவே காவி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வேளாங்கண்ணிக்குப் போகிறார்களே, கண்ணில் படவில்லையா? சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று 150 கிலோமீட்டர் வரும். என் அத்தை ஒரு வருஷம் போனார். வேண்டுதல் என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை. பை தூக்க நான். காலில் செருப்பு கிடையாது. தார் கொதிக்கும்போது ரோட்டோர வெள்ளைக் கோட்டின் மேலேயே அடி மாற்றி அடி வைப்பார். பெயிண்டில் சூடு குறைவு. அப்பலாச்சியனில் வழி தெரிய மரங்களில் இரண்டங்குல அகலம், ஆறங்குல உயரத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்து வைத்திருக்கிறார்கள். தன்னார்வலர்கள் அதைப் புதுப்பிக்கிறார்கள், பாதையை மறைக்கும் புதரை வெட்டுகிறார்கள். நம் ஆட்களுக்கு லாரி உரசிப் போகிற ரோட்டோரம்தான்.

எனக்கு ஒரே மட்டமாகத் தெரிந்த இடத்தில் அத்தை நின்றுவிடுவார். "ரோடு ஏறுதுடா" என்பார். நான் சிரிப்பேன். அப்புறம் பார்த்தால், எதிரே வருகிற சைக்கிள்காரர் மிதிக்காமல் வந்துகொண்டிருப்பார்.

உங்கள் முழங்காலுக்கு வேளாங்கண்ணியெல்லாம் வேண்டாம். கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் வாருங்கள். தேவநாத சுவாமியைச் சேவித்துவிட்டு, பக்கத்தில் ஔஷதகிரி என்ற சின்னக் குன்று, 74 படி. டாக்டர் சரி என்றால் மட்டும் ஏறலாம். நடுவில் உட்காருவதில் தப்பில்லை. காலை ஏழு மணிக்குள் என்றால் நானும் வருகிறேன். வெயில் ஏறிவிட்டால் என்னால் ஆகாது.